உயிரைக் கைமாற்றும் அந்த ஒரு நிமிடம்

இரவு 11 மணி. மழை தூறிக்கொண்டிருக்கிறது. ஒரு மாவட்டத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரி.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. பின்கதவு திறக்கிறது.

உள்ளே படுத்திருப்பவருக்கு வயது 35. கொத்தனார். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. வண்டி சறுக்கியது. விழுந்துவிட்டார். சேதி கேட்டு ஓடி வந்த மனைவியும் ஆம்புலன்சில் ஏறிக்கொண்டார்.

கொத்தனார் நன்றாகப் பேசுகிறார். "கால்தான் வலிக்குது. வேற ஒண்ணும் இல்லை" என்கிறார். முழங்காலில் பெரிய காயம். ரத்தம் வழிகிறது. பார்ப்பவர் கண் எல்லாம் அந்தக் காலில்தான் விழும்.

ஆனால், ஆம்புலன்சில் கூட வந்த உதவியாளருக்கு வேறு ஒன்றும் தெரியும்.

வண்டியின் கைப்பிடி கொத்தனாரின் வயிற்றில் குத்தியிருக்கிறது. சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது, இடது விலாவுக்குக் கீழே கன்றிப்போய் இருந்தது. விபத்து நடந்த இடத்தில் நாடி நிமிடத்துக்கு 90. பாதி வழியில் 104. ஆஸ்பத்திரி வாசலில் 122. கை, கால் சில்லிட்டு வருகிறது.

காலில் வழியும் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் கட்டி நிறுத்திவிடலாம். வயிற்றுக்குள்ளே கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. ஆளைக் கொல்லப்போவது அதுதான்.

இந்தச் சேதி முழுவதும் ஒரே ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. அடுத்த ஒரு நிமிடத்துக்குள் அவர் அதை நர்சிடம் சொல்ல வேண்டும். நர்ஸ் அதைக் கேட்க வேண்டும்.

சொன்னாரா? கேட்டாரா? கொத்தனாரின் உயிர் இந்த 2 கேள்விகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல.

வண்டியில் வருபவர்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன், 2005-ல், அது ஆந்திராவில் பிறந்தது. தமிழ்நாட்டில் இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. போன் செய்தால் வண்டி வரும். காசு கிடையாது.

வண்டியில் 2 பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுநர். அவரை "பைலட்" என்று அழைப்பது வழக்கம். மற்றவர் மருத்துவ உதவியாளர். நர்ஸ் படிப்பு படித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டம் பெற்றவர்களையும் தேர்ந்தெடுத்து, தனிப் பயிற்சி கொடுத்து இந்த வேலைக்கு அனுப்புகிறார்கள்.

இந்த உதவியாளரை "வண்டியில் கூட வரும் ஆள்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரத்தம் வழிந்தால் அழுத்திக் கட்டுவது அவர் வேலை. எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டுவது அவர் வேலை. மூச்சுத் திணறினால் பிராணவாயு கொடுப்பது அவர் வேலை. பிரசவ வலி வழியிலேயே முற்றிவிட்டால், ஓடும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, குழந்தையைக் கையில் ஏந்துவதும் அவர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஒரு சாட்சி. நோயாளி எங்கே கிடந்தார், எப்படிக் கிடந்தார், அப்போது பேசினாரா, எத்தனை நேரம் நினைவு இல்லாமல் இருந்தார் என்பதை எல்லாம் கண்ணால் பார்த்தவர்.

வாசலில் நிற்பவர்

அடுத்தவர், அவசரப் பிரிவு நர்ஸ்.

நர்ஸ் என்றால் ஊசி போடுபவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அவசரப் பிரிவு நர்சின் வேலை அதைவிடப் பெரியது. வருகிறவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும், யார் சற்றுக் காத்திருக்கலாம் என்று பிரிக்கும் வேலையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கு 3 நிறங்கள் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் சிவப்பு. ஆபத்து வரக்கூடும் என்றால் மஞ்சள். நடந்து வந்து பேசக்கூடியவர் என்றால் பச்சை.

நமது கொத்தனாரை எந்த நிறத்தில் சேர்ப்பது? காலை மட்டும் பார்த்தால் மஞ்சள். நாடி 90-ல் இருந்து 122-க்கு ஏறிய கதை தெரிந்தால் சிவப்பு!

சிவப்பு என்றால் உடனே 2 கைகளிலும் பெரிய ஊசி ஏறும். மாற்று ரத்தம் பொருத்திப் பார்க்க மாதிரி போகும். வயிற்றை ஸ்கேன் செய்வார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டருக்குச் சேதி பறக்கும். மஞ்சள் என்றால் கொத்தனார் சற்றுக் காத்திருப்பார். அந்தச் சற்று நேரத்தில் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, இருவர் கையிலும் பாதிப் பாதிதான் இருக்கிறது. உதவியாளரிடம் கதை இருக்கிறது. மருந்தும் ரத்தமும் டாக்டரும் இல்லை. நர்சிடம் அவை எல்லாம் இருக்கின்றன, கதை இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை.

ஏன் கேட்பதில்லை?

சேராமல் போவதும் உண்டு. ஏன்?

உதவியாளரைக் கேளுங்கள். "நாங்கள் சொல்வதை யார் கேட்கிறார்கள்? ஆளை இறக்கிவிட்டுப் போ என்கிறார்கள்" என்பார். நர்சைக் கேளுங்கள். "படுக்கையில் தள்ளிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள்" என்பார்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நர்சின் நிலையைப் பாருங்கள். இரவு வேளை. ஒரு படுக்கையில் மூச்சுத் திணறும் கிழவர். அடுத்த படுக்கையில் பூச்சி மருந்து குடித்த இளைஞர். மூன்றாவதில் வலிப்பு வந்த குழந்தை. குழந்தையின் தாய் அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். அப்போது நாலாவது படுக்கை உள்ளே வருகிறது. அவருக்கும் காது இரண்டுதானே?

உதவியாளரின் நிலையும் அப்படித்தான். சட்டைப்பையில் போன் அடிக்கிறது. அடுத்த விபத்து, அடுத்த ஊர். வண்டியின் ஸ்டிரெச்சர் திரும்பக் கிடைக்கவில்லை. ஸ்டிரெச்சர் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. படுக்கை காலியாகும் வரை அவர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது, யார் பெரியவர் என்ற எண்ணம்.

நர்ஸ் தொழில் இங்கே மூத்த தொழில். சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1871-ம் ஆண்டிலேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் உதவியாளர் தொழில் நேற்றுப் பிறந்தது. மூத்தவர்களுக்கு இளையவர்கள் சொல்வது காதில் விழுவது கொஞ்சம் கஷ்டம். எல்லா வீட்டிலும் உள்ள கதைதான் இது.

வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றால் பொங்கல் பானை வேண்டுமானால் தனித்தனியாகப் பொங்கும். ஆஸ்பத்திரியில் பேச்சு நின்றால் நோயாளி போய்விடுவார்!

போர்க்களத்தில் பிறந்தவர்கள்

உண்மையில், 2 தொழில்களுக்கும் தாய்வீடு ஒன்றுதான். அது போர்க்களம்.

பிரான்சு நாட்டில் லாரே என்று ஒரு டாக்டர் இருந்தார். நெப்போலியனின் படையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அடிபட்ட சிப்பாய்கள் சண்டை முடியும் வரை களத்திலேயே கிடப்பார்கள். லாரே 1790-களில் குதிரை பூட்டிய இலேசான வண்டிகளைச் செய்தார். சண்டை நடக்கும்போதே அடிபட்டவர்களைத் தூக்கி வரச் செய்தார். தளபதியா, சிப்பாயா என்று பார்க்கவில்லை. யாருக்குக் காயம் அதிகமோ அவருக்கு முதலில் சிகிச்சை என்றார். இன்றைய சிவப்பு, மஞ்சள், பச்சைக்கு அதுவே முன்னோடி.

பிறகு 1854-ல் கிரிமியப் போர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 நர்சுகளுடன் துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனார். அழுக்கும் நாற்றமுமாகக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்தார். கணக்கும் குறிப்பும் எழுதி வைத்தார். இன்றைய நர்ஸ் தொழில் அவரிடமிருந்து வளர்ந்தது.

ஒருவர் அடிபட்டவனை ஆஸ்பத்திரி வரை கொண்டுவர வழி செய்தார். மற்றவர் ஆஸ்பத்திரிக்குள் வந்தவனைச் சாகாமல் காக்க வழி செய்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள வாசல்படிதான் இன்றும் பிரச்சினையாக இருக்கிறது.

பிட்ஸ்பர்க் இளைஞர்கள்

அந்த வாசல்படியைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற நகரம். 1960-களில் அங்கே நோயாளிகளை ஏற்றிச் சென்றது போலீஸ் வண்டி. சில ஊர்களில் சவ வண்டி! வண்டியில் சிகிச்சை எதுவும் கிடையாது.

பீட்டர் சாபர் என்ற டாக்டர் இதை மாற்ற நினைத்தார். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி உயிர் காக்கும் முறையை உலகுக்கு விளக்கியவர்களில் அவர் ஒருவர். 1967-ல் "பிரீடம் ஹவுஸ்" என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் ஏழைக் கறுப்பு இன மக்கள் வாழ்ந்த பகுதியைச் சேர்ந்தவர்கள். வேலை கிடைக்காமல் இருந்தவர்கள். படிப்பும் அதிகம் இல்லாதவர்கள்.

அவர்களுக்கு வகுப்பறையில் பாடம் சொல்லிக் கொடுத்ததோடு சாபர் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் பயிற்சி கொடுத்தார். தாங்கள் கொண்டுவரும் நோயாளிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்தச் சேவை 1975-ல் நின்றுவிட்டது. ஆனால், அவர்கள் காட்டிய வழியில்தான் அமெரிக்காவின் ஆம்புலன்ஸ் பயிற்சி வளர்ந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெளியே வேலை செய்பவர் உள்ளேயும், உள்ளே வேலை செய்பவர் வெளியேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

கார் பந்தயம் சொன்ன பாடம்

இன்னொரு கதை. இது லண்டன் கதை.

அங்கே "கிரேட் ஆர்மண்ட் ஸ்டிரீட்" என்று குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையை, தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும் நேரம் அவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் குழாய்களை மாற்றினார்கள். சேதிகள் விட்டுப்போயின.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு நாள் டெலிவிஷனில் கார் பந்தயம் பார்த்தார்கள். பந்தயக் கார் நடுவில் வந்து நிற்கிறது. ஆட்கள் சூழ்கிறார்கள். சில விநாடிகளில் 4 சக்கரங்களும் மாறிவிடுகின்றன. யாரும் கத்தவில்லை. யாரும் யார் மேலும் மோதவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் பார்த்து, "போ" என்று சைகை காட்டுகிறார்.

டாக்டர்கள் பெராரி பந்தயக் குழுவினரைத் தேடிப் போனார்கள். பாடம் கேட்டார்கள். முதலில் கருவிகள் மாற வேண்டும், பிறகுதான் பேச்சு, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று ஒழுங்கு வைத்தார்கள். அதன் பலனை 2007-ல் வெளியிட்டார்கள். கைமாற்றும்போது விட்டுப்போகும் தகவல்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன!

புதிய மருந்து வாங்கவில்லை. புதிய கருவி வாங்கவில்லை. யார் எப்போது பேசுவது, யார் எப்போது கேட்பது என்று ஒழுங்கு செய்தார்கள். அவ்வளவுதான்.

6 கேள்விகள்

பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. இங்கிலாந்தில் விபத்துக் காயம் பட்டவர்களை ஒப்படைக்கும்போது 6 விஷயங்களை வரிசையாகச் சொல்கிறார்கள். தமிழில் அவற்றை 6 கேள்விகளாகச் சொல்லலாம்:

யாருக்கு? (வயது, ஆணா, பெண்ணா)

எப்போது?

எப்படி நேர்ந்தது?

எங்கெங்கே காயம்?

நாடியும் மூச்சும் எப்படி இருக்கின்றன?

என்ன செய்தாகிவிட்டது?

நமது கொத்தனாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்: "வயது 35, ஆண். இரவு 10 மணி 10 நிமிடம். மோட்டார் சைக்கிள் சறுக்கி, கைப்பிடி வயிற்றில் குத்தியது. இடது விலாவுக்குக் கீழே கன்றல், முழங்காலில் காயம். நாடி 90, 104, இப்போது 122. கால் காயத்துக்குக் கட்டுப் போட்டேன், பிராணவாயு கொடுத்தேன்."

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "வயிற்றில் அடி. நாடி 90-ல் இருந்து 122. சரிதானே?" "சரி." முடிந்தது!

திருப்பிச் சொல்வது எதற்கு? மளிகைக் கடைக்காரர் நாம் சொன்ன சாமான்களைத் திருப்பிப் படித்துக் காட்டுகிறார் அல்லவா? உளுந்துக்கே அந்த ஜாக்கிரதை என்றால் உயிருக்கு வேண்டாமா?

நேரம் என்பது மருந்து

இந்த 6 கேள்விகளில் "எப்போது?" என்பது மிக முக்கியம்.

பக்கவாதம் வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால், அதைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. நோய் தொடங்கி ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமேல் போட்டால் ஆபத்து வரலாம். "கடைசியாக எப்போது அவர் நன்றாக இருந்தார்?" என்று வீட்டிலேயே கேட்டுக் குறித்து வருபவர் உதவியாளர். அந்தக் குறிப்பு நர்சின் கைக்கு வராவிட்டால், மருந்து அலமாரியில் இருக்கும். நோயாளிக்குப் போட முடியாமல் போகலாம்.

பாம்புக் கடியும் அப்படித்தான். கடித்த நேரம் என்ன? வழியில் கண் இமை தொங்க ஆரம்பித்ததா? அப்படியானால் விஷம் நரம்பைத் தாக்குகிறது. நர்ஸ் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் வைப்பார். உறையாவிட்டால் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று தெரியும். உதவியாளரின் கண் பாதி சொல்கிறது. நர்சின் குழாய் மீதியைச் சொல்கிறது.

கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இறுக்கிக் கட்டவே கூடாது என்பதுதான் டாக்டர்களின் யோசனை. கட்டிவிட்டார்கள் என்றால், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் சட்டென்று பரவக்கூடும். போர்வைக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு முழக் கயிறு, சொல்லாமல் விட்டால் எமனாகிவிடும்.

நெஞ்சை அழுத்தும் 4 கைகள்

"ஒரு நிமிடம் நின்று பேசிக்கொண்டிருந்தால் நோயாளி கதி என்ன? இதயம் நின்றுபோனவரை வைத்துக்கொண்டு கதை பேசுவதா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. இதயம் நின்றவருக்கு வேறு சட்டம். அங்கே கை நிற்கவே கூடாது. நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தும் கை நிற்காமலே வாய் பேச வேண்டும்.

இந்த வேலை எத்தனை பலசாலியையும் களைக்க வைத்துவிடும். களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஆகவே, 2 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும் என்பது முறை. உதவியாளர் அழுத்துகிறார். நர்ஸ் மாறுகிறார். மறுபடி உதவியாளர். மாறும்போது சில விநாடிக்கு மேல் இடைவெளி விழக்கூடாது.

அந்த நேரத்தில் யார் மூத்தவர், யார் இளையவர் என்று யாரும் கேட்பதில்லை. 4 கைகளும் ஒரே ஆளின் கைகளைப் போல வேலை செய்கின்றன. இதயம் நின்ற பிறகு வரும் அந்த ஒற்றுமை, நிற்பதற்கு முன்பே வந்தால் என்ன?

என்ன செய்ய வேண்டும்?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வருவதை ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாடும் உண்டு. 2021-ல் பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், ஆம்புலன்சில் சிகிச்சை அளிப்பவரின் தொழிலையும் மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால், வண்டியும் சட்டமும் திட்டமும் வாசல் வரை கொண்டுவந்து விடும். வாசலில் 2 பேர் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில காரியங்கள் வேண்டும்.

முதலாவது, ஒரே சீட்டு. 6 கேள்விகளும் அச்சிட்ட ஒரு தாள். உதவியாளர் எழுதி, நர்ஸ் படித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் நோயாளியோடேயே போக வேண்டும்.

இரண்டாவது, இடம் மாறிப் பயிற்சி. அவசரப் பிரிவு நர்ஸ் ஆண்டுக்குச் சில நாட்கள் ஆம்புலன்சில் போய் வரட்டும். இருட்டில், சேற்றில், கூட்டம் கத்தும்போது நாடி பார்ப்பது எப்படி என்று தெரியும். உதவியாளர் சில நாட்கள் அவசரப் பிரிவில் நிற்கட்டும். ஒரே நேரத்தில் 5 பேர் கூப்பிடுவது எப்படி என்று தெரியும்.

மூன்றாவது, முடிவைச் சொல்வது. உதவியாளர் ஒருவரைக் கொண்டுவந்து விட்டுப் போகிறார். அந்த ஆள் பிழைத்தாரா, இல்லையா? பெரும்பாலும் அவருக்குத் தெரிவதே இல்லை. "நீங்கள் சொன்னது சரி. வயிற்றுக்குள் ரத்தம் இருந்தது. ஆபரேஷன் ஆயிற்று" என்று மறுநாள் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த தடவை அவர் இன்னும் நன்றாகப் பார்ப்பார். தவறு இருந்தாலும் சொல்ல வேண்டும். தெரிந்தால்தானே திருத்திக்கொள்வார்?

நாலாவது, ஆட்களும் சாமான்களும். ஒரு நர்ஸ் தலையில் பத்து நோயாளிகளைக் கட்டிவிட்டு, "காது கொடுத்துக் கேள்" என்று உபதேசம் செய்வது நியாயம் இல்லை. வாசலில் வருகிறவரை ஏற்றுக்கொள்ள ஒரு நர்ஸ் தனியாக இருக்க வேண்டும். வண்டி திரும்பிப் போக மாற்று ஸ்டிரெச்சர் தயாராக இருக்க வேண்டும். இதற்குப் பணம் செலவாகும். செய்யத்தான் வேண்டும்.

முதல் 3 காரியங்களுக்கும் பெரிய செலவு இல்லை. காகிதமும் மனமும் போதும்.

குடும்பத்தாரின் பங்கு

இதில் பொதுமக்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆம்புலன்ஸ் வந்து நின்றதும், கூட வந்தவர்கள் எல்லாரும் படுக்கையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உதவியாளர் சொல்வது நர்சுக்குக் கேட்பதில்லை. நோயாளிக்கு நேரும் கெடுதல் சில சமயம் பாசத்தால் வருகிறது!

ஆகவே, ஒருவர் மட்டும் கூட நில்லுங்கள். விவரம் தெரிந்தவராக இருக்கட்டும். மற்றவர்கள் விலகி நில்லுங்கள். அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

நோயாளி சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். விஷம் குடித்திருந்தால் அந்தப் புட்டியையும் எடுத்து வாருங்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று மறைக்காதீர்கள். நர்சுக்கும் உதவியாளருக்கும் ஊர் வம்பு தேவை இல்லை. எந்த விஷம் என்று தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.

விபத்தைப் பார்த்தால் 108-க்குப் போன் செய்யத் தயங்க வேண்டாம். உதவி செய்தவரைத் தொல்லை செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் உத்தரவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்ந்துவிட்டது. விரும்பாவிட்டால் உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியது இல்லை.

நர்ஸ் மீதும் உதவியாளர் மீதும் கை ஓங்குவது ஒருக்காலும் கூடாது. பயந்த காதுக்கு எதுவும் சரியாகக் கேட்காது.

மறுபடியும் வாசல்

மழை இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது. ஆம்புலன்ஸ் கதவு திறந்திருக்கிறது.

உதவியாளர் சொல்கிறார். நர்ஸ் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். திருப்பிச் சொல்கிறார். "சிவப்பு!" என்கிறார். படுக்கை உள்ளே பறக்கிறது.

கொத்தனாரின் மனைவிக்கு இது ஒன்றும் புரியவில்லை. "கால் காயத்துக்கு ஏன் இவ்வளவு பரபரப்பு?" என்று திகைத்து நிற்கிறார். பெரிய டாக்டர் வந்து ஆபரேஷன் செய்தால், அவர் காலில் விழுந்து கும்பிடுவார். கும்பிடத்தான் வேண்டும்.

ஆனால், தன் புருஷன் பிழைத்தது எந்த நிமிடத்தில் என்று அவருக்குத் தெரியாது. வாசலில், மழைச் சத்தத்துக்கு நடுவே, ஒருவர் சொன்னதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்ட நிமிடம் அது.

அந்த நிமிடம் தமிழ்நாட்டின் எல்லா ஆஸ்பத்திரி வாசல்களிலும், எல்லா இரவுகளிலும் கிடைக்க வேண்டும். யாருக்குத் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வண்டியில் வருவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.